பாக்கெட் மெஷின் ஆத்தா

இந்தப் பக்கம் உட்காருங்கள் தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம். அந்தப் பக்கம் உட்கார்ந்தால் என் வலது காது உங்கள் கண்ணில் படும். பட்டால் "என்னாச்சு பெரியவரே" என்று கேட்பீர்கள். கேட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல ஆரம்பித்தால் குருவையா பேரைச் சொல்லாமல் முடியாது. காலையில் அவன் பேரை வாயில் எடுக்க எனக்கு இஷ்டமில்லை.

பார்த்துவிட்டீர்களா? துண்டு நழுவிவிட்டது போல. சரி, பார்த்தது பார்த்தாகிவிட்டது.

புண்தான். ஐந்து மாசமாக இருக்கிறது. காய்கிற மாதிரி காயும், பொருக்குத் தட்டும், பொருக்கு விழுந்தால் மறுபடி ரத்தம். வலிக்காது. வலித்தால்கூட ஒரு மருந்து போடலாம், வலிக்காததற்கு என்ன போடுவது? இந்தச் சீட்டை வாசியுங்கள், நீங்கள் படித்த பிள்ளை மாதிரி தெரிகிறீர்கள். எனக்கு நாலாம் கிளாஸ். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டுவேன். இது இங்கிலீசு.

ஆமாம், அதேதான். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரும் அப்படித்தான் சொன்னார். காதில் ஒரு துணுக்கு வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். இன்றைக்குப் பதினோரு மணிக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டுமாம். "தாமதிக்காமல்" என்று போட்டிருக்கிறதா? அது எல்லாருக்கும் போடுவது தம்பி. தாமதித்து வா என்று எந்த டாக்டர் எழுதுகிறான்?

நான் மதுரைக்குப் போகவில்லை. கல்லுப்பட்டியில் இறங்கிவிடுவேன். அங்கே ஒரு கோடாங்கி இருக்கிறார். உடுக்கை அடித்து யார் என்ன வைத்தார்கள், எந்தத் திசையில் புதைத்தார்கள் என்று பட்டுப் பட்டென்று சொல்லிவிடுவாராம். என் சம்சாரம் சுப்புத்தாய்க்கு இது தெரியாது. அவள் பஸ்ஸில் ஏறி, மதுரைக்கு டிக்கெட் எடுத்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டு, "எறங்குற எடம் பாத்து எறங்குங்க" என்று கண்டக்டர் காதில் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். கிடக்கட்டும். மதுரை டிக்கெட்டை வைத்துக்கொண்டு கல்லுப்பட்டியில் இறங்கினால் சட்டமா தடுக்கப்போகிறது?

கல்லுப்பட்டி வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்குப் பேச ஆரம்பித்தால் வெளியே பார்க்கிற வழக்கமில்லை.

குருவையா யார் என்றா? என் சகலைதான். சுப்புத்தாயின் அக்காளைக் கட்டியவன். வயசில் என்னைவிட ஒரு வருஷம் இளையவன். ஆனால் மூத்தவளைக் கட்டியதால் அவன் மூத்த மாப்பிள்ளை. எனக்கு முப்பத்தாறு வருஷமாக ஆறாத கணக்கு இது. மாமனார் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் இலை அவனுக்கு. முதல் வேட்டி அவனுக்கு. எங்கள் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள், நான் பந்தியில் உட்கார்ந்தாயிற்று. இலையும் போட்டாயிற்று, உப்பும் வைத்தாயிற்று. அந்த நேரம் இவன் வருகிறான். மாமியார் என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கோங்க மாப்ள, பெரிய மாப்ள வந்துட்டாரு" என்கிறாள். உப்பு வைத்த இலையிலிருந்து தள்ளி உட்கார்ந்தவன் தம்பி நான்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "இருக்கட்டும் அத்த, சகல அங்கனயே இருக்கட்டும்" என்றான். எவ்வளவு திமிர்! எனக்கு இடம் கொடுக்க இவன் யார்?

அதே ஆள் நான் வேலை பார்த்த பால் கம்பெனியிலேயே எலெக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்தான். கம்பெனி பேர் வேண்டாம், கிருஷ்ணன்கோவில் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பாக்கெட் மெஷின் ஆப்பரேட்டர். நீங்கள் கடையில் வாங்குகிற பால் பாக்கெட் இருக்கிறதே, அதைப் போடுகிற மெஷின். மேலே பிளாஸ்டிக் காகிதம் உருளையாக மாட்டியிருக்கும். அது இறங்கி வந்து, குழாயாக மடிந்து, பால் விழுந்து, சூடு வைத்து ஒட்டி, பொத்துப் பொத்தென்று ட்ரேயில் விழும். அந்தக் காகிதம் இறங்குகிற வழியில் ஒரு எவர்சில்வர் பெட்டி. பெட்டிக்குள் ஒரு டியூப் லைட்டு. காகிதத்தில் கிருமி இருந்தால் அந்த வெளிச்சம் கொன்றுவிடும். பெட்டிக்கு ஒரு மூடி. மூடியில் சிவப்பாக ஒரு படமும் இங்கிலீசும் ஒட்டியிருக்கும். கம்பெனிக்காரன் விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை. அந்தத் தடவை மெஷின் அலங்காரம் என் பொறுப்பு. குருவையா அந்த வாரம் லீவு. முதல் தடவையாக முதல் ஆள் நான். சும்மா மேலாக்க சந்தனம் தெளிக்கிற ஆளில்லை நான். ஒவ்வொரு மூடியாகக் கழற்றி உள்ளே துடைத்துப் பொட்டு வைத்தேன். இந்தப் பெட்டியையும் திறந்தேன். உள்தகட்டில் இருக்கன்குடி மாரியம்மன் படம் ஒன்று ஒட்டினேன். மூடியைக் கழற்றினால் லைட்டு தானாக அணைந்துவிடும், அதற்கு மெஷின் செய்தவன் ஒரு சின்னப் பொத்தான் வைத்திருந்தான். அதெப்படி ஆத்தாளை இருட்டில் வைப்பது? ஒரு தீக்குச்சியை ஒடித்துப் பொத்தானில் சொருகினேன். லைட்டு எரிந்தது.

தம்பி, நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த வெளிச்சம் பூமியில் உள்ள வெளிச்சமில்லை. நீலம் என்றால் நீலமுமில்லை, ஊதா என்றால் ஊதாவுமில்லை. சுற்றிலும் எவர்சில்வர், அதில் பட்டுத் திரும்பித் திரும்பி வருகிறது. நடுவில் ஆத்தா முகம். மழைக்கு முன்னால் காற்றில் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை. அப்புறம் ஒரு சத்தம். ஙொய்ய்ங் என்று, வண்டு ரீங்காரம் மாதிரி, விட்டு விட்டு. ஆத்தா ஏதோ சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வலது காதைப் பெட்டிக்குக் கொடுத்து நின்றேன். அரைமணி நேரம் நின்றிருப்பேன்.

அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் எனக்குக் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி ஆயிற்று. இமையைத் திறக்க முடியவில்லை, கண்ணீர் கொட்டுகிறது. விடிந்து பார்த்தால் முகம், கழுத்து, வலது காது எல்லாம் செக்கச்செவேலென்று தணலாகக் கொதிக்கிறது. சுப்புத்தாய் பயந்துபோய் "ஆஸ்பத்திரிக்குப் போவமா" என்றாள். நான் சொன்னேன், "போடி பைத்தியக்காரி, ஆத்தா வந்திருக்கா. வாசல்ல வேப்பங்கொழ சொருகு."

அம்மை என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். வேறெப்படி? ஆத்தா முன்னால் நின்றேன், ஆத்தா வந்தாள். நாலாம் நாள் தோல் உரிந்தது. பாம்பு சட்டை கழற்றுகிற மாதிரி நெற்றியிலிருந்து சுருள் சுருளாக. உள்ளே புதுத் தோல், குழந்தைத் தோல். தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனேன்.

போனால், பாக்கெட் செக்‌ஷனில் ஆறு பேருக்குக் கண் சிவந்திருக்கிறது. அன்றைக்குப் பெட்டி முன்னால் வரிசையில் நின்று சூடம் தொட்டுக் கும்பிட்ட அதே ஆறு பேர். ஆறு பேரும் என் பக்கத்தில் வந்து, "அண்ணே, ஆத்தா எங்களையும் பாத்துட்டாண்ணே" என்கிறார்கள். மேனேஜர் ஜெயக்கொடி கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பூஜையில் தீபாராதனை காட்டியவர் அவர்தான். கேட்டால், "மெட்ராஸ் ஐ, சீனியப்பா. வீட்ல பிள்ளைகட்ட இருந்து தொத்திருச்சு" என்கிறார். படித்தவர், அவருக்கு ஆத்தா என்று சொல்ல வெட்கம்.

அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஷிஃப்டுக்கு முன்னால் அரைமணி நேரம் நான் மூடியைத் திறப்பேன். தீக்குச்சி தயாராகச் சட்டைப் பையில் இருக்கும். மற்றவர்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டேன். அத்தனை பேரும் தாங்க மாட்டார்கள். நான் மட்டும் கிட்டே நிற்பேன், காதைக் கொடுத்து. அப்புறம் திருநீறு கொடுப்பேன். பெண் பார்க்கப் போகிறவன், லோனுக்கு எழுதிப் போட்டவன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவள், எல்லாரும் வந்து தலையைக் குனிவார்கள். அண்ணன் என்று கூப்பிட்டவன் சாமி என்று கூப்பிட்டான். கேன்டீனில் முதல் டீ எனக்கு வந்தது தம்பி. கேட்காமலே வந்தது. நாலு வருஷம். நாலு வருஷம் முதல் டீ நான் குடித்தேன்.

அது அவனுக்குப் பொறுக்குமா?

லீவிலிருந்து வந்த நாளே நேராகப் பெட்டியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "சகல, என்ன இது வெந்து போன மாதிரி இருக்கு?" என்றான். "சகல, அது லைட்டு. நேராப் பாக்கக் கூடாது. மேல பட்டா தோலைப் பொசுக்கிரும். மூடில எழுதியிருக்கான் பாருங்க" என்று அந்தச் சிவப்பு இங்கிலீசை எழுத்து எழுத்தாக எனக்கு வாசித்துக் காட்டினான். அவன் ஐ.டி.ஐ. படித்தவன், அந்தத் திமிர். அவன் வாசித்தால் நான் கேட்க வேண்டுமா? "ஒன் வேல ஒயரு, அதப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து ஆரம்பித்தான். நான் தீக்குச்சி சொருகுவேன், அவன் வந்து பிடுங்கிவிடுவான். நான் ஈர்க்குச்சி சொருகினேன், அதையும் பிடுங்கினான். மூடிக்கு நாலு திருகாணி போட்டு முறுக்கினான். எனக்குத் திருகாணி கழற்றத் தெரியாதா? ஐந்து பைசாக் காசு ஒன்று பழசு வைத்திருந்தேன், அதைக் கொண்டு கழற்றினேன். ஒருநாள் போனால் ஆத்தா பேசவில்லை. வெளிச்சம் இருக்கிறது, சத்தம் இல்லை. என்னடா என்று பார்த்தால் டியூப் லைட்டுச் சோக்கை மாற்றியிருக்கிறான்! பழைய சோக்கு கத்துகிறதாம், சூடாகிறதாம். ஆத்தா வாயை அடைத்த பாவி தம்பி அவன். அதற்கப்புறம் நான் காதை இன்னும் கிட்டே கொண்டுபோக வேண்டியதாயிற்று, ஏதாவது கேட்குமா என்று.

இதற்கு நடுவில் இன்னொன்று. ஆத்தா படம் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் சேலைச் சிவப்பு போயிற்று, அப்புறம் குங்குமம் போயிற்று, கடைசியில் முகமே சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. புதுப்படம் ஒட்டினேன். மூணு மாசத்தில் அதுவும் வெளுத்தது. மூன்றாவது ஒட்டினேன். என் முகம் கறுக்கக் கறுக்க ஆத்தா முகம் வெளுக்கிறது. அவள் தன் நிறத்தைக் கழற்றி எனக்குக் கொடுக்கிறாள் என்று ஒரு பேச்சு செக்‌ஷனில் உலாவியது. நான்தான் உலாவ விட்டேன், ஆனால் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். குருவையா கண்ணு பட்டுத்தான் வெளுக்கிறது என்றும் நினைத்தேன். இரண்டும்தான்.

லேபில் ஒரு பிள்ளை புதிதாக வந்திருந்தது. ஃபர்ஸானா மேடம். குருவையா அந்தப் பிள்ளையிடம் போய் என்னத்தையோ ஓதியிருக்கிறான். அது வந்து என்னிடம் நல்லவிதமாகத்தான் பேசியது. "அண்ணா, இந்த லைட் கிருமியைக் கொல்றதுக்குண்ணா. இதுக்கு முன்னாடி நிக்கவே கூடாது. கண்ணுக்கும் கெடுதல், தோலுக்கும் கெடுதல். நாள்பட்டா கேன்சர்கூட வரலாம்னு சொல்றாங்க."

நான் கேட்டேன், "கிருமியைக் கொல்ற வெளிச்சம் மனுசன என்னம்மா செய்யும்? நான் கிருமியா?"

அதற்கு அந்தப் பிள்ளை, "கிருமிக்கும் நமக்கும் உள்ள இருக்கறது ஒரே மாதிரிதாண்ணா" என்றது. என்ன பேச்சு பாருங்கள். வயசில் பெரியவனை.

ஆபீசில் சொன்னார்களாம். ஆபீசில் என்ன செய்தார்கள் தெரியுமா? பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். பேனர் கட்டினார்கள், உறுதிமொழி வாசித்தார்கள், ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். முகத்தை மூடுகிற கண்ணாடி பன்னிரண்டு வாங்கி வந்தார்கள். தொலைந்துவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். ஆடிட் வந்தால் எடுத்துக் கொடுப்பார்கள், ஆடிட் போனதும் எண்ணி வாங்கி வைப்பார்கள். கம்பெனிக்கு என் மேல் எந்த வருத்தமும் இல்லை தம்பி. மேனேஜருக்கும் இல்லை. பெட்டி திறந்திருந்தாலும் பாக்கெட் விழுகிறது, மூடியிருந்தாலும் பாக்கெட் விழுகிறது. அவன் ஒருத்தனுக்குத்தான் உறுத்தல்.

கடைசியில் அவன் செய்ததைக் கேளுங்கள். மனுஷன் செய்கிற வேலையில்லை. நான் கடைசியாக ஒட்டிய படம். புத்தம் புதுசு. அதன் பாதியில், சரியாக மூக்கு வழியாக, ஒரு தகரத் துண்டைச் சொருகி மறைத்து வைத்திருக்கிறான். எனக்குத் தெரியாது. அந்தப் பாதியில் பூமாலை தொங்குவதால் தகரம் கண்ணில் படவில்லை. மூணு மாசம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அத்தனை பேரும் நிற்கிறார்கள், மேனேஜரையும் கூட்டி வந்திருக்கிறான், லேப் பிள்ளையும் நிற்கிறது. மாலையை எடுத்தான், தகரத்தை உருவினான்.

ஆத்தா முகத்தில் பாதி சிவப்பும் மஞ்சளுமாக, கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி. மறுபாதி வெள்ளைக் காகிதம். கண்ணில்லை, பொட்டில்லை, ஒன்றுமில்லை.

"சகல," என்றான் குருவையா. எல்லார் முன்னாலும் சொன்னான். "கடுதாசிக்கே இந்தக் கதின்னா ஒம்ம மூஞ்சி என்னத்துக்கு ஆகும்?"

யாரோ ஒருத்தன் மட்டும் சிரித்தான். எனக்குத் திருநீற்றுத் தட்டு கையில் இருந்தது. அதை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகமில்லை.

ஆத்தா முகத்தை இரண்டாகப் பிளந்தவன் தம்பி அவன். அதை ஒருத்தனும் கேட்கவில்லை. மறுவாரம் வெளியூரிலிருந்து பெரிய ஆடிட் வருகிறது என்று மேனேஜர் மூடியைப் பற்றவைத்தே அடைத்துவிட்டார். என்னை ட்ரே கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். குருவையாதான் கேட்டு வாங்கிக் கொடுத்தானாம். "சகலய அந்த லைட்டுப் பக்கமே விடாதீங்க சார்" என்றானாம். எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரியே பேசி என்னைப் பிடுங்கிப் போட்டான். மூணு வருஷம் ட்ரே கழுவினேன். போன பங்குனியில் ரிட்டையர் ஆனேன்.

அந்த மூணு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கண் சிவக்கவில்லை. தோல் உரியவில்லை. முகத்தில் ஒரு எரிச்சல் கிடையாது. நன்றாகத் தூங்கினேன். எவ்வளவு பெரிய துக்கம் என்று உங்களுக்குப் புரியாது. ஆத்தா என்னை விட்டுப் போய்விட்டாள்.

அதனால்தான் போன சித்திரையில் காதில் இது வந்தபோது எனக்குச் சந்தோஷம். உங்களிடம் சொல்வதற்கென்ன, துள்ளிக் குதித்தேன். வந்துவிட்டாள், நான் கொடுத்த காதிலேயே வந்துவிட்டாள் என்று வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டேன். மீன் வாங்காதே என்று சுப்புத்தாயிடம் சொன்னேன். பதினோரு நாளில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. வைகாசி போயிற்று, ஆனி போயிற்று, ஆடிக் கூழ் ஊற்றியாயிற்று. ஆத்தா இத்தனை நாள் உட்கார மாட்டாள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இது ஆத்தா இல்லை, இது வைத்தது. செய்வினை.

அத்தாட்சி இருக்கிறது. இந்தக் காதை முதலில் பார்த்தவன் யார்? சுப்புத்தாய் பார்க்கவில்லை, முடி வெட்டுகிறவன் பார்க்கவில்லை. கடுகளவு இருக்கும்போதே, ரேஷன் கடை வரிசையில் பின்னால் நின்ற குருவையா, "சகல, காதுல என்னது அது? எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டான். வைத்தவனுக்குத்தானே வைத்த இடம் தெரியும்? அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிறான். வந்து காதைப் பார்க்கிறான். சுப்புத்தாயிடம் குசுகுசுவென்று பேசுகிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் போகச் சொல்லித் துரத்தியது யார்? அவன்தான். வினை பலிக்கிறதா என்று டாக்டரை வைத்துப் பார்க்கிறான்.

அந்த டாக்டர் கேட்டார், "வேலை செஞ்ச எடத்துல வெல்டிங், இல்ல ஊதா கலர் லைட்டு, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்துச்சாய்யா?" ஒன்றுமில்லை, பால் கம்பெனி என்றேன். பால் வெள்ளைதானே. வேறென்ன சொல்வது? ஆத்தா முன்னால் நின்றேன் என்றா?

என்ன தம்பி சிரிக்கிறீர்கள்? வெளியே எதைப் பார்க்கிறீர்கள்? கல்லுப்பட்டி வந்துவிட்டதா?

போய்விட்டதா! எப்போது? தகரம் உருவினதைச் சொன்னேனே, அப்போதா? பஸ் நின்றதா? நின்றதைப் பார்த்தீர்களா? பார்த்தும் சொல்லவில்லையா? வந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று உங்களிடம் எவ்வளவு மரியாதையாகக் கேட்டேன்! நீங்கள்பாட்டுக்கு "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று என் வாயைப் பிடுங்கிக்கொண்டே வந்தீர்கள். உங்களுக்கும் குருவையாவுக்கும் பழக்கம் உண்டா? இல்லையா? இல்லை என்றால் சரி. பார்த்தால் அப்படித் தெரிகிறது.

திருமங்கலத்தில் இறங்கித் திரும்பிப் போகிறேன். கோடாங்கி உச்சிவேளை வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

தம்பி, ஒன்று கேட்கட்டுமா? துணுக்கு என்று எழுதியிருக்கிறதே, எவ்வளவு துணுக்கு? பயிறு அளவா, புளியங்கொட்டை அளவா? பயிறு அளவுதான் என்கிறீர்களா. அப்புறம் அது கெட்டது என்று தெரிந்தால் மீதியையும் எடுப்பார்களோ? காதில்லாமல் துண்டு எங்கே நிற்கும்? சீக்கிரம் பார்த்தால் சின்னதாகத்தான் வெட்டுவார்களா? அதை எழுதியிருக்கிறதா, நீங்களாகச் சொல்கிறீர்களா?

வெட்டுக்கு நான் பயப்படவில்லை. மெஷினில் இந்த விரல் நுனி போயிற்று பாருங்கள், அழவில்லை நான். எனக்கு வேறொன்று. டாக்டர் வெட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது லைட்டால் வந்தது" என்று சொல்லிவிட்டால்? அப்போது நாலு வருஷம் என்னோடு பேசியது யார்? சோக்கா? டியூப் லைட்டுக்கா நான் வேப்பிலை சொருகினேன்? அந்த முதல் டீயெல்லாம்... செய்வினை என்றால் ஒருத்தன் எனக்குச் செய்தான் என்று இருக்கும். லைட்டு என்றால் நானே அல்லவா தீக்குச்சி சொருகி...

விடுங்கள். திருமங்கலம் வந்ததும் சொல்லுங்கள்.

திருமங்கலமும் போய்விட்டதா? உங்களோடு பேசினால் ஊர் எல்லாம் ஓடிவிடும் போலிருக்கிறது. சரி, விதி. மதுரை வரைக்கும் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறேன். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினால்தான் எதிர்ப் பக்கம் திரும்புகிற பஸ் நிற்குமாம். அதற்காக இறங்குகிறேன். வேறெதற்கும் இல்லை.

மணி என்ன? பத்தேகாலா? பரவாயில்லை, நேரம் இருக்கிறது. எதற்கு நேரம் என்று கேட்காதீர்கள்.

இதுதானா ஸ்டாப்? இருங்கள், இருங்கள். குனிந்து பாருங்கள். அந்த வேப்பமரத்துக்குக் கீழே, வெள்ளை வேட்டி, கையில் குடை. அது யார்? எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஆனால் அந்த நிற்கிற நிலை இருக்கிறதே, அது எனக்கு முப்பத்தாறு வருஷப் பழக்கம். அவனேதான்! முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறான். சுப்புத்தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சட்டைப் பையில் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, டோக்கன். என் பேருக்கு டோக்கன் எடுத்துவிட்டான். நான் எடுக்க மாட்டேனா? எனக்கு டோக்கன் எடுக்கத் தெரியாதா?

கக்கத்தில் என்ன அது, நீளமாக? அட்டைப் பெட்டி. அந்தச் சிவப்பு இங்கிலீசு... தம்பி, அது பெட்டி லைட்டு வருகிற அட்டைப் பெட்டி! டாக்டரிடம் காட்டக் கொண்டு வந்திருக்கிறான். நான் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் பெட்டியை மேஜையில் வைத்துவிடுவான். "இதுக்கு முன்னாலதான் நின்னாரு சார், நாலு வருசம், வாரம் ரெண்டு நாளு" என்று கணக்காகச் சொல்லிவிடுவான். எல்லாம் அவனுக்குத் தெரியும்.

குடையை விரிக்கிறான் பாருங்கள். மழையா பெய்கிறது? வெயில் என் காதில் படக் கூடாதாம். நான் அந்தக் குடைக்குள் போக மாட்டேன். போனாலும் தோள் படாமல்தான் நடப்பேன்.

கண்டக்டர், விசில் அடிக்காதீர்கள், ஆள் இறங்குகிறது. அந்தச் சீட்டைக் கொடுங்கள் தம்பி. துண்டு வேண்டாம், தோளிலேயே கிடக்கட்டும். மூடி என்ன செய்ய? அவன் பார்க்கட்டும். முதலில் பார்த்தவன் அவன்தானே.

பாருங்கள், இங்கேயும் எனக்கு முன்னால் வந்து நிற்கிறான்.